நான்காவது பிண்டம்

ஆகஸ்ட் 20, 2023

என் மனைவி உலகம்மாள், தான் பெற்ற மகனைத் தானே பைத்தியமாக்கினாள் என்று இருபத்தைந்து வருடம் சொன்னார்கள். சொன்னவர்கள் என் சொந்தக்காரர்கள். முதலில் சொன்னவள் என் கூடப்பிறந்த தங்கை சொர்ணம். மாசமாக இருக்கையில் உலகம்மாள் அந்தி நேரத்தில் தனியாக ஆற்றுக்குப் போனாளாம். அங்கே எதுவோ அவளைப் பிடித்துக்கொண்டதாம். அது வயிற்றுப் பிள்ளைக்குள் இறங்கி, அவனுக்குப் பத்தொன்பது வயதானபோது வெளியே வந்ததாம். இதுதான் வழக்கு. விசாரணை கிடையாது. தீர்ப்பை மட்டும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஒவ்வொரு சாவு வீட்டிலும் வாசித்தார்கள்.

அவள் அதை நம்பினாள். அதுதான் பெரிய அநியாயம். விளக்கேற்றிய பிறகு ஆற்றங்கரைப் பக்கம் கால் வைக்காமலே காலத்தைக் கழித்து, போன புரட்டாசியில் செத்துப்போனாள்.

நான் ஆவுடையப்பன். எழுபத்தாறு வயது. தென்காசியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் நானாகப் படித்ததுதான். மருத்துவப் புத்தகங்களையும் படித்திருக்கிறேன். மகன் குற்றாலிங்கத்துக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோய், பேய் இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் கையில் சாட்சி இல்லாமல் இருந்தது.

இன்று பேப்பரில் சாட்சி வந்திருக்கிறது. எலிகளின் மூளையைப் பரிசோதித்திருக்கிறார்கள். மூளையில் மற்ற செல்களைச் சத்தம் போடாமல் அடக்கிவைக்கிற ஒருவகைச் செல்கள் இருக்கின்றன. அவை பிறப்பதற்கு முன்பே கோளாறாகிவிட்டால், வளர்ந்த பிறகு மனச்சிதைவு போன்ற நிலை வருகிறதாம். எலிக்கு ஏது ஆறு, ஏது அந்தி, ஏது பேய்? வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 8 உலகம்மாளுடைய முதல் வருடத் திதி. எல்லோரும் வருவார்கள். அன்றைக்கு இதைச் சத்தமாக வாசிப்பேன். சொர்ணம் அவள் போட்டோவுக்கு முன்னால் நின்று, மைனி மேல் தப்பில்லை என்று சொல்லியாக வேண்டும். மற்றது எதுவும் எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 21

சொதி வைத்தேன். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. லிங்கம் அப்படியே சாப்பிட்டான். மாத்திரை போட்டான்.

ஆகஸ்ட் 26

அம்பாசமுத்திரத்துக்கு, சொர்ணத்துக்குப் போன் போட்டேன். திதியை முறைப்படி சொல்லிவிட்டு, பேப்பர் செய்தியை வாசித்துக் காட்டினேன்.

“எலியா?” என்றாள். “என்னண்ணே சொல்லுத, எலிக்குமா கிறுக்கு பிடிக்கும்?”

“கிறுக்குன்னு சொல்லாத.”

“சரி, சொல்லல. அந்த எலி ரேஷன் கார்டெல்லாம் வச்சிருக்கா?”

அவள் சிரித்தாள். எழுபது வயதாகிறது, முட்டி தேய்ந்துவிட்டது, வாய் மட்டும் தேயவில்லை. திதியன்று நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். என்ன வார்த்தை என்று கேட்டாள். வந்து தெரிந்துகொள் என்று வைத்துவிட்டேன்.

லிங்கம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். “அத்தை என்ன சொல்லுதாங்கப்பா?” என்றான். விசேஷத்துக்கு வருகிறாள் என்றேன். அவன் சுவரைப் பார்த்து, “அத்தை வாராங்களாம்” என்று யாரிடமோ சொன்னான். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாலும் ஒன்றிரண்டு குரல்கள் மிச்சம் இருக்கத்தான் செய்கின்றன. உலகம்மாள் இருந்தவரை அந்தக் குரல்களுக்கும் சேர்த்து, “எல்லாருமா சாப்பிட வாங்க” என்று கூப்பிடுவாள். எனக்கு அது வராது.

செப்டம்பர் 2

சாமான் போட்டுவைக்கிற உள்ளறையில், அரங்கில் எலி. கடையை மூடியபோது கொண்டுவந்து போட்ட சாக்குகளைக் கடித்துவைத்திருக்கிறது. பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்தேன்.

செப்டம்பர் 3

ஒன்று விழுந்தது. தண்ணீர் வாளிக்குள் முக்கினேன்.

செப்டம்பர் 10

திருநெல்வேலிக்குப் போய்வந்தோம். லிங்கத்தை ஆறு வருடமாகப் பார்க்கிற டாக்டர் ஜெசிந்தா, நோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஒரு கூட்டம் வைத்திருந்தார். பேப்பரில் வந்த அதே விஷயத்தைத் திரையில் படம் போட்டு விளக்கினார். என்னைப் போல் இருபது முப்பது கிழடுகள், பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள்.

எலியின் மூளையை வெங்காயத் தொலி போலச் சீவி, சாயம் ஏற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள். அடக்கிவைக்கிற செல்கள் பச்சையாகத் தெரிகின்றன. நல்ல எலியின் மூளையில் அவை மின்மினி மாதிரி நிறைய இருந்தன. கோளாறான எலியில் அங்கொன்று இங்கொன்று. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வார்னிஷ் சரியாகப் பிடிக்காத காயில் மாதிரி. ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொட்டு எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். எழுந்து சொன்னேன். டாக்டர், “கிட்டத்தட்ட அப்படி நினைச்சுக்கலாம் ஐயா, ஆனா மூளை மோட்டார் இல்லை, திரும்பக் கட்ட முடியாது” என்றார்.

பிறகு அந்த எலிகளுக்கு எப்படிக் கோளாறு வந்தது என்று சொன்னார். கர்ப்பமாக இருக்கிற எலிக்கு ஓர் ஊசி போடுவார்களாம். நிஜக் கிருமி இல்லை. கிருமி வந்துவிட்டது என்று உடம்பை ஏமாற்றுகிற மருந்து. தாய் எலிக்குக் காய்ச்சல் வந்தது மாதிரி ஆகும். அந்தச் சமயத்தில் வயிற்றில் இருந்த குட்டிகள் வளர்ந்த பிறகு, சிலவற்றின் மூளையில் இந்த மாற்றம் தெரிகிறதாம்.

நான் மறுபடியும் எழுந்துவிட்டேன். “அம்மா, எலியிலயும் தாய் மேலதான் பழியா?” என்று கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பழி எங்கய்யா வந்துச்சு?” என்றார் டாக்டர். “காய்ச்சல் வந்ததுக்கு அந்த எலியா காரணம்? ஊசி போட்டது வேற ஆளுல்லா?”

உட்கார்ந்துவிட்டேன்.

அவர் இன்னும் நிறைய எச்சரிக்கை சொன்னார். எலியில் பார்த்ததை வைத்து எந்த மனிதனுக்கும் இதனால்தான் வந்தது என்று கை நீட்ட முடியாது. பரம்பரை உண்டு, வேறு பல காரணங்கள் உண்டு. கர்ப்பத்தில் காய்ச்சல் கண்ட தாய்மார்களில் அநேகம் பேருடைய பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டேன்.

குட்டிகளுக்குச் சின்ன வயதிலேயே வேறொரு மருந்து கொடுத்தபோது மாற்றம் ஓரளவு குறைந்ததாகவும் ஒரு படம் காட்டினார். கூட்டம் முடிந்ததும் அவரைப் பிடித்து, அந்த மருந்தை லிங்கத்துக்கு எழுதிக்கொடுங்கள் என்றேன்.

“அது எலிக்குத்தான் ஐயா கொடுத்துப் பாத்திருக்காங்க. மனுஷங்களுக்கு இன்னும் வரலை. வந்தாலும் இவர் வயசுக்குப் பிரயோஜனப்படுமான்னு சொல்ல முடியாது.”

“எம்புள்ள எலிக்கு மட்டமா?”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

அப்போது லிங்கம், காலையிலிருந்து வாயே திறக்காதவன், “டாக்டர், அந்தத் தாய் எலி என்னாச்சு?” என்று கேட்டான்.

டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். “மூளையைப் பாக்கணும்னா கொன்னுட்டுத்தான் பாக்க முடியும் லிங்கம். தாயையும் பெரும்பாலும் வச்சிருக்க மாட்டாங்க. வலிக்காமதான் செய்வாங்க.”

“குட்டி பெறந்த பெறகா?”

“பிறகுதான்.”

“அது குட்டிய பாத்துச்சா?”

“பாத்துச்சு. பால் குடிக்கிற வரைக்கும் கூடவே விட்டிருப்பாங்க.”

“சரி” என்றான். பஸ்ஸில் ஆலங்குளம் வரும்வரை, சரி சரி என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

செப்டம்பர் 11

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 13

பொறி திறந்து கிடக்கிறது. தேங்காய்ச் சில்லு இல்லை, எலியும் இல்லை. லிங்கத்தைக் கேட்டேன். “அதுக்கு வயிறு பெருசா இருந்துச்சுப்பா” என்றான். சத்தம் போட்டேன். அதற்கப்புறம் அவனே போய்ச் சாக்குகளை எடுத்து உயரத்தில் கட்டித் தொங்கவிட்டான்.

செப்டம்பர் 16

ஊசி போட்டது வேறு ஆள். இந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஒரு வாரமாக யோசித்து இன்று பிடித்துவிட்டேன்.

1978 ஐப்பசி. உலகம்மாளுக்கு நாலு மாதம் முடிந்து ஐந்து. அம்பாசமுத்திரத்தில் சொர்ணம் விஷக்காய்ச்சலில் கிடந்தாள். பார்த்துக்கொள்ள உலகம்மாளை அனுப்பினார்கள். பத்து நாள் இருந்தாள். திரும்பி வரும்போது அவளுக்கும் அதே காய்ச்சல். எழுந்து நடமாட மார்கழி ஆகிவிட்டது. லிங்கம் பங்குனியில் பிறந்தான்.

அந்தியில் ஆற்றுக்குப் போனதாகச் சொல்கிறார்களே, அதுவும் அந்தப் பத்து நாளில்தான்.

ஆக, காய்ச்சலைக் கொடுத்தவளும் சொர்ணம். பழியைப் போட்டவளும் சொர்ணம். திதி வரைக்கும் பொறுக்க முடியாது. நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.

செப்டம்பர் 24

லிங்கத்தையும் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போனேன். சொர்ணம் முறுக்கு சுட்டு வைத்திருந்தாள். லிங்கத்தின் கன்னத்தைத் தடவி, “மருமவனே, மெலிஞ்சிட்டியே, உங்கப்பன் சமையல் அப்படி” என்றாள். அவனும் சிரித்தான். அவனைப் பின்னாலிருக்கும் கொய்யா மரத்துக்கு அனுப்பிவிட்டு நான் ஆரம்பித்தேன். காய்ச்சல், எலி, ஊசி, செல் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “உன் காய்ச்சல்தான் எம்புள்ளைக்குள்ள இறங்கியிருக்கு. ஆறு இல்ல, நீ” என்றேன்.

அவள் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அவ அந்தியில ஆத்துக்கு எதுக்குப் போனான்னு தெரியுமாண்ணே ஒனக்கு?”

தெரியாது என்றேன்.

“என் துணிய அலச. வாந்தியும் பேதியுமா நனைச்ச துணி. பகல்ல நாலு பேரு குளிக்கிற எடத்துல நோய்த்துணிய போடக்கூடாதுன்னு, ஆளெல்லாம் போன பெறகு அந்த வயித்தையும் தூக்கிக்கிட்டுப் போவா.”

“தெரிஞ்சுதான் அப்படிப் பேசினியா?”

“தெரிஞ்சுதான் பேசினேன்.” அவள் குரல் மாறவில்லை. “இவனுக்கு இப்படி வந்ததும் எனக்கு அதுதான் தோணுச்சு. டாக்டரும் சொல்லல, எலியும் சொல்லல. எனக்கா தோணுச்சு. ஐயோ, என் காய்ச்சல்ல இருந்து போயிருக்குமோன்னு. பயத்துல தூக்கி ஆத்து மேல போட்டேன். அது அவ தலையில போய் விழுந்துட்டு. எடுக்கத் தெரியல.”

“இருபத்தஞ்சு வருஷமா?”

“எனக்கு நரகந்தான். ஒத்துக்கிடுதேன்.” பிறகு என்னை நேராகப் பார்த்தாள். “அவள நானா வரச் சொன்னேன்? எங்க வீட்டுக்காரரு அவங்க அம்மைய வரச் சொல்லியிருந்தாரு. நீதான் மைனிய பஸ்ஸுல கூட்டியாந்து நடையில விட்ட. ‘உலகு பாத்துக்கிடுவா’ன்ன. கடையில ஆளில்லன்னு அடுத்த பஸ்ஸுக்கே போயிட்ட, ஒரு வாய் காப்பி கூட குடிக்கல. சரி, அது போகட்டும். அன்னைக்கு யாருக்குத் தெரியும்? நான் கல்யாண வீடு கல்யாண வீடா நின்னு பேசினேனே, நீயும் அங்ஙனதான இருந்த? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ‘ஏ சொர்ணம், வாய மூடு’ன்னு நீ சொல்லியிருந்தா மூடியிருப்பேன். நீ பந்தியில உக்காந்து பாயசம் குடிச்சுக்கிட்டு இருந்த. அவ ஒன்னத்தான் பாத்துக்கிட்டே நிப்பா. நான் சொன்னதையா அவ நம்பினா? நீ பேசாம இருந்தத நம்பினா.”

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. லிங்கம் கொய்யாக்காயோடு வந்துவிட்டதால் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். கடையம்வரை நின்றேன்.

செப்டம்பர் 25

மழை. ஓட்டில் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்தேன்.

செப்டம்பர் 29

அந்தப் பதிலை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அக்டோபர் 1

லிங்கம், “அப்பா, அந்த எலிக்கு பேரு வச்சிருப்பாங்களா?” என்று கேட்டான். நம்பர்தான் போட்டிருப்பார்கள் என்றேன். “அம்மான்னு கூப்பிட குட்டிக்கும் தெரியாதுல்லா” என்றான்.

அக்டோபர் 7

வாழைக்காய், பாகற்காய், பிரண்டை வாங்கியாயிற்று. எள், தர்ப்பை, பச்சரிசி ஐயரே கொண்டுவருவார். போட்டோவைத் துடைத்தேன். உலகம்மாள் அந்த போட்டோவில் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறாள். படத்துக்காக என்னை வெட்டிவிட்டார்கள்.

பேப்பர் துண்டைச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். கண்ணாடியையும் துடைத்துக் கூடவே வைத்துவிட்டேன். நாளைக்குத் தேட வேண்டாம்.

அக்டோபர் 8

காலையில் சிற்றாற்றங்கரை. தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான். சொர்ணம் முட்டி வலியோடு படியிறங்கி வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பெரியப்பா பேரன் பேச்சிமுத்து, இன்னும் ஏழெட்டுப் பேர்.

லிங்கம் குளித்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்தான். ஐயர் சொல்லச் சொல்லச் செய்தான். சோற்றை உருட்டி, அம்மாவுக்கு ஒன்று, அவளுடைய மாமியாருக்கு ஒன்று, அதற்கும் மூத்தவளுக்கு ஒன்று என்று தர்ப்பை மேல் வைத்தான். பிறகு மிச்சச் சோற்றை வழித்து இன்னொன்று உருட்டினான். சின்னது, நெல்லிக்காய் அளவு.

“மூணு போறும்ப்பா” என்றார் ஐயர்.

“இது அந்தத் தாய்க்கு.”

“எந்தத் தாய்?”

“ஊசி போட்டாங்கள்லா, அந்த எலிக்கு. அது குட்டிகளும் போயிட்டு. வைக்க ஆளில்ல.”

பேச்சிமுத்து சிரித்தான். அவன் சிரித்ததும் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“ஏல, எவம்ல அது சிரிக்கது?” சொர்ணம் கல்லைவிட்டு எழுந்துவிட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். “இன்னொரு பல்லு தெரிஞ்சா ஆத்துல தள்ளிப்புடுவேன். சாமி, அவன் வைக்கட்டும்.”

ஐயர் கொஞ்சம் யோசித்தார். “யாருமில்லாம போனவாளுக்குன்னு காருண்யப் பிண்டம்னு ஒண்ணு உண்டு. வைக்கலாம். தப்பில்லே. பேர் சொல்லணுமே.”

“பேரு இல்ல” என்றான் லிங்கம். “நம்பர்தான்.”

“பேர் தெரியலேன்னாலும் போய்ச் சேரும். எள்ளும் ஜலமும் விடு.”

விட்டான். நாலையும் அவனே எடுத்துப் போய்த் தண்ணீரில் கரைத்தான். சின்னதைக் கடைசியாக விட்டுவிட்டு, அது போகிற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்து படையல் போட்டதும் எல்லோரும் போட்டோ முன்னால் நின்றோம். நான் எதுவும் சொல்லவில்லை. சொர்ணமே முன்னால் போனாள். கல்யாண வீட்டில் பேசுவாளே, அதே சத்தத்தில்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. மைனி அந்தியில ஆத்துக்குப் போனது என் நோய்த்துணிய அலச. அதுல பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான் சொன்னது பூராவும் பொய். மைனி, நீ கேக்கணும்னுதான் சொல்லுதேன். கேக்க நீ இல்ல.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. லிங்கம் போய் அத்தையின் தோளில் கை வைத்தான். “அம்மைக்கு கேட்டுட்டு அத்த. சரின்னு சொல்லுதா” என்றான்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ வாசிக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் முன்னமே சொல்லிவைத்திருந்தேன். கண்ணாடியை எங்கேயோ மறந்து வைத்துவிட்டேன். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. பரிமாறச் சொன்னேன்.

அக்டோபர் 9

இனி நடக்க வேண்டியவை.

சொர்ணம் நேற்று ஒரு வீட்டில் சொன்னது போதாது. எத்தனை வீட்டில் உலகம்மாளைப் பற்றிப் பேசினாளோ அத்தனை வீட்டிலும் போய், துணி அலசத்தான் போனாள் என்று சொல்ல வேண்டும். முட்டி வலி என்று சாக்குச் சொல்லக் கூடாது.

பேச்சிமுத்து அடுத்த வருடம் ஆற்றுக்கு வருவதென்றால், முதலில் லிங்கத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

டாக்டர் ஜெசிந்தா அடுத்த கூட்டத்தில் குட்டிகளின் மூளையைக் காட்டும்போது தாய் எலியின் படத்தையும் காட்ட வேண்டும். அது உயிரோடு இருந்தபோது எடுத்த படமாக இருக்க வேண்டும். காய்ச்சல் அதன் குற்றமில்லை என்பதை, என்னைப் போல் ஒருவன் எழுந்து கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர்கள், எலிக்குக் கொடுத்த மருந்து மனிதனுக்கு ஆகுமா ஆகாதா என்பதைச் சீக்கிரம் பார்த்துச் சொல்ல வேண்டும். லிங்கத்துக்கு உதவாவிட்டாலும் பரவாயில்லை. வேறு ஒருத்தி பெற்ற பிள்ளைக்கு உதவட்டும்.

எலிப்பொறியைப் பழைய இரும்புக்காரனிடம் போட வேண்டும். அது என் வேலை.

எனக்குப் பிறகு லிங்கத்தைச் சொர்ணம் வைத்துக்கொள்ள வேண்டும். நேற்று கிளம்பும்போது அவளாகவே கேட்டாள். ராத்திரி மாத்திரையை மறக்கக் கூடாது. சாப்பிடக் கூப்பிடும்போது, “எல்லாருமா வாங்க” என்று கூப்பிட வேண்டும். அப்போதுதான் அவன் உடனே எழுந்து வருவான். நான் இன்று கூப்பிட்டுப் பார்த்தேன். வந்தான்.

லிங்கம் வருடா வருடம் நாலு பிண்டம் வைக்க வேண்டும். சின்னதை விட்டுவிடக் கூடாது.

நான் போன பிறகு எனக்கும் அவன்தான் வைக்க வேண்டும். முதலில் அவன் அம்மாவுக்கு வைக்கட்டும். அந்த எலிக்கு வைக்கட்டும். சோறு மிச்சம் இருந்தால் எனக்கு வைக்கட்டும்.